காளீஸ்வரியின் பெரியவளும் சின்னவளும்

கம்ப்யூட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள் காளீஸ்வரி. "ஏட்டி சின்னவளே, மொறைக்காத. அக்காகாரிக்கு நெட்டு வருதுல்ல, ஒனக்கு மட்டும் என்ன கேடு?"

மடவார் வளாகம் பகுதியில் என் கட்டடத்தின் முதல் கடை அவளுடைய இ-சேவை மையம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், லாரியில் சுண்ணாம்புக்கல் லோடு அடித்துக் கட்டிய கட்டடம். ஒரு செங்கல்கூட மாமனார் வீட்டுச் சீதனம் இல்லை. உழைக்கிற ஆளை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் இவளைப் போல நிலைகொள்ளாத பிறவியைப் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் நாற்காலி இடம் மாறும். டீயை ஆறவிட்டு, ஆறிப்போச்சே என்று திட்டிக்கொண்டே குடிப்பாள்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். இணையம் பெரியவளுக்கு வந்து, அங்கிருந்து ஒரு வயர் வழியாகச் சின்னவளுக்குப் போகும். "மூத்தவ தின்னுட்டுத்தான் எளையவளுக்கு ஊட்டுவா" என்பாள். கைரேகைக் கருவி சின்னவளிடம்தான். பெரியவளில் செருகினால் முரண்டு பிடிக்கும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள். ஊரே கதவடைத்துக் கிடக்க, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இவள் மட்டும் கடையைத் திறந்தாள். ஆலங்குளம் மொக்கைச்சாமி வந்து உட்கார்ந்துவிட்டார். உயிரோடுதான் இருக்கிறார் என்று கைரேகை வைக்க அவருக்கு அன்றே கடைசி நாள்; தவறினால் பென்ஷன் நின்றுவிடும்.

"ஏத்தா, நான் செத்துட்டேன்னே முடிவு கட்டிட்டியா?"

"செத்த நேரம் இருங்க பெரியப்பா, உயிரோட அனுப்புறேன்."

இரண்டையும் அணைத்தாள், எழுப்பினாள். வயரைப் பிடுங்கிச் செருகினாள். ராஜபாளையம் மெக்கானிக் ராம்குமாரைப் போனில் பிடித்தாள்.

"மொத பெரியவள எழுப்புங்கக்கா, பொறவு சின்னவள."

"எல்லாம் எழுப்பியாச்சுலே! நீ எப்ப வார?"

"இந்தா வாரேன்."

அவன் வாரேன் என்றால் நாளைக்கு என்று அர்த்தம். மொக்கைச்சாமி தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "லாரி நின்னுபோனா நான் மொதல்ல டீசல் குழாயத்தான் பாப்பேன். அடைப்பு அங்கனதான் இருக்கும்" என்றேன்.

"இது என்ன லாரியா அண்ணாச்சி?" என்று சீறினாள். ஆனாலும் கரண்ட்டை அணைத்து, சின்னவளைத் திருப்பி டார்ச் அடித்தாள். வயர் செருகும் ஓட்டைக்குள் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது சந்தனம். பூஜைக்காக வயர்களைக் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்தவள் அவளேதான்.

"பெரியவளுக்கு நெத்தியில மட்டும் வச்சேன். இவளுக்கு முதுகெல்லாம் வச்சுட்டேன். சின்னவன்னு செல்லம்!"

நான் சொன்னது சரியாயிற்று என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒடித்து, பதமாகச் சுரண்டி, உதிர்ந்த தூளை உள்ளங்கையில் ஏந்தினாள். அதை மேசையோரத்தில் கொட்டிவிட்டு, வயரின் முனையை முந்தானையால் துடைத்துச் செருகினாள். சின்னவள் விழித்தாள்.

மொக்கைச்சாமியின் விரலோ கல் உடைத்தே தேய்ந்த விரல். இரண்டு முறை சிவப்பு. மூன்றாவது முறை அந்த விரலைத் தன் கையால் அழுத்திப் பிடித்தாள். எப்போதும் ஆடுகிற அவள் கால் நின்றிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"போங்க பெரியப்பா. இன்னும் ஒரு வருசத்துக்கு ஒங்களுக்குச் சாவு இல்ல."

அவர் படியிறங்கியதும் மேசையைத் துடைக்கத் துணியை எடுத்தவள், சந்தனத்தூளைக் கண்டு நிறுத்தினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்து, அதைச் சின்னவளின் நெற்றியில் வைத்தாள்.