பத்து வாளி

அடிபம்பைப் பிரித்துப் பூட்டினால் முதலில் துருத்தண்ணீர்தான் வரும். பத்து வாளி இறைத்துக் கொட்டினால் தெளிந்துவிடும். எங்கள் தேவாலயத்துப் பங்குச் சாமி ஏற்பாடு செய்த பயிற்சியில் ஃபெலிஸ்தாவுக்கும் எனக்கும் இதைத்தான் முதல் பாடமாகச் சொன்னார்கள். அவள் பழுது பார்ப்பவள். நான் தண்ணீர்க் குழுவின் செயலாளர், ஸ்பேனர் பெட்டியின் சாவி என்னிடம். பெருமை எனக்கு, வேலை அவளுக்கு.

பதினோரு வருடம் அந்த பம்பை அவள் ஓட்டினாள். ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போன புருஷன் திரும்பவே இல்லை. அதற்காக அவள் மூலையில் உட்காரவும் இல்லை. இடுப்புத்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே உருவுவாள். வாய்த்துடுக்கு அதிகம். கைப்பிடியில் தொங்கும் பிள்ளைகளை அவள் வைவதைக் கேட்கவே சிலர் காலி வாளியோடு வருவார்கள். எங்கள் பேச்சில் இறைப்பதற்கு ‘போப்பா’ என்பதுதான் சொல். அதனால் அவளைப் போப்பாக்காரி என்று செல்லமாகக் கூப்பிட்டோம்.

உறிஞ்சுவதற்கும் அதே சொல்தான். அந்த அக்டோபர் வரை அது யாருக்கும் உறைக்கவில்லை.

முலாஞ்சே மலைக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சு வந்தது. இரத்தம் உறிஞ்சுகிறவர்கள் இறங்கியிருக்கிறார்களாம், தூங்குகிறவர்களிடம் எடுத்து வண்டியில் ஏற்றிப் போகிறார்களாம். முதலில் சிரித்தோம். பிறகு பக்கத்து ஊரில் கொசுவலை கொடுக்கப் போன மிஷன் ஆளைக் கல்லால் அடித்தே கொன்றுவிட்டார்கள். பங்குச் சாமியின் வண்டி வருவது நின்றது. ஃபெலிஸ்தாவை முகத்துக்கு நேரே யாரும் போப்பாக்காரி என்று கூப்பிடவில்லை. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் ஓயவே இல்லை.

அந்த வாரம் பார்த்துத்தானா பம்பு நிற்க வேண்டும்? நாலு நாள் போகட்டும் என்று அவளிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

“பிள்ளைங்க ஆத்துச் சேத்தக் குடிக்குதுங்க அண்ணே. சாவியக் குடுங்க.”

கொடுத்தேன்.

வாஷரை மாற்றிப் பூட்டும்வரை நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். வழக்கமான கேலி, சண்டை எதுவும் இல்லை. அந்த முறை துரு அதிகம். வெள்ளை வாளியில் விழுந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. அவளுடைய பக்கத்து வீட்டு மகிரீனா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“குழாய்க்குள்ள என்னத்தடி சேத்து வச்சிருக்க?” என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

ஃபெலிஸ்தா சிரித்தாள். வருடா வருடம் சொல்கிறேனே, துருதான் என்றாள். சொன்னதோடு விட்டிருக்கலாம். ஒரு குவளை மொண்டு, எல்லோரும் பார்க்கக் குடித்தாள். முகவாயிலிருந்து சிவப்பாகச் சொட்டியது. இன்னொரு குவளை மொண்டு என்னிடம் நீட்டினாள்.

“நீங்களும் ஒரு வாய் குடிங்கண்ணே. உங்களுக்குத்தான் தெரியுமே, இவங்ககிட்டச் சொல்லுங்க.”

தெரியும். நன்றாகவே தெரியும். நாற்பது பேரும் என் கையையே பார்த்தார்கள். ஆண்கள் சிலர் குனிந்து கீழேயிருந்து எதையோ பொறுக்கினார்கள். என் கை நீளவில்லை, வாயும் திறக்கவில்லை.

“குடிக்கிறா பாருங்க” என்றாள் மகிரீனா. “அவளுக்குப் பழக்கந்தானே.”

அப்போதுதான் ஃபெலிஸ்தாவுக்குப் புரிந்தது. ஓடியிருக்கலாம். அவள் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். இறைத்துக் கொட்டினாள், வாளியைச் சத்தமாக எண்ணினாள். மூணு. நாலு. பத்து வரை பொறுப்பார்கள் என்று நம்பினாள் போலிருக்கிறது.

ஆறு என்றபோது முதல் கல் விழுந்தது. நான் திரும்பி நடந்தேன். வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அவளைப் புதைக்கப் பங்குச் சாமி வரத் துணியவில்லை. செபம் சொன்னது நான்தான்.

மறுநாள் என் மனைவி பம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். தெளிவாக இருந்தது. குடித்தேன்.