எர்லீன் சொன்ன சாட்சி

அலபாமாவில் ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் எர்லீனுக்கு வாய் சும்மா இருக்காது. ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் "யாருக்காவது சாட்சி இருக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிடுவாள். முழங்கால் வலி விட்டாலும் கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சாட்சி, நின்றுபோன கார் கிளம்பினாலும் சாட்சி.

ஒரு ஞாயிறு சந்தோஷத்தில் அழுதுகொண்டே சாட்சி சொல்ல எழுந்தாள். மகன் டவாரிஸ் பல்கலைக்கழக அணியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறான். அவன் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடினால் லட்சம் பேர் எழுந்து நின்று கத்துவார்கள். டிக்கெட் விற்ற காசு எங்கெங்கோ போகிறது, பயிற்சியாளருக்குக் கோடிகளில் சம்பளம். ஆடுகிறவனுக்குப் படிப்பும் சாப்பாடும்தான். பெற்றவள் அதுவரை ஒரு ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லை. என்ன நியாயமோ!

"நம்ம இரும்புக்கடை மிஸ்டர் ப்ரூவர கர்த்தர் நல்லா வெக்கணும்! தன் கார்லயே கூட்டிட்டுப் போயி, லாட்ஜுல ரூம் போட்டுக் குடுத்து, எம் புள்ளய எங் கண்ணால பாக்க வெச்சாரு!"

சபையே ஆமென் என்று அதிர்ந்தது.

யார் வாய் வழியாகப் போனதோ, செவ்வாயன்று பல்கலைக்கழக அதிகாரி ஒருவர் போன் செய்தார்.

"மிஸ்டர் ப்ரூவர் எங்க அணிக்கு நன்கொடை குடுக்கறவர்மா. அவர்கிட்ட ஆட்டக்காரங்க குடும்பம் எதுவும் வாங்கக் கூடாது. உங்க பையன நிறுத்தி வெச்சிருக்கோம்."

"ஐயையோ! அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. வாங்கினது நான்."

"புரியுது. லாட்ஜ் வாடகை, பயணச் செலவு ரெண்டுக்கும் ஈடான பணத்த உங்க கையிலேர்ந்து ஏதாவது தர்ம ஸ்தாபனத்துக்குக் கட்டிடுங்க. சனிக்கிழமைக்குள்ள கட்டினா ஆடலாம்."

சனிக்கிழமைதான் அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் பெரிய அணிகளிலிருந்து ஆட்கள் டவாரிஸைப் பார்க்க வருகிறார்கள்.

"அவ்ளோ பணம் இருந்தா நான் ஏங்க அவர் கார்ல ஏறறேன்?"

"புரியுதும்மா. அவன் ஆட்டத்துக்காக வேற யாராவது குடுத்தாலும் வாங்கிடாதீங்க. அதுவும் இதே குத்தம்தான்."

மகனிடம் போனில் புலம்பினாள். "என் வாயில கொள்ளிய வெக்க! நானே உன் பொழப்புல மண்ணப் போட்டுட்டனேடா."

"நீ கடவுளுக்குத்தானம்மா நன்றி சொன்ன. அழாத," என்றான் டவாரிஸ்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. எர்லீனைக் கேட்காமலே பாஸ்டர் காணிக்கைத் தட்டைச் சுற்ற விட்டார். "நம்ம பையன் டவாரிஸுக்காக!" வேலையில்லாதவர்கள்கூடப் போட்டார்கள். கசங்கிய நோட்டுகளோடு தட்டு நிறைந்து எர்லீன் மடிக்கு வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் பதறி எழுந்தாள். "வேண்டாம்! இத வாங்கினா அவன் கதி அதோகதிதான். அவங்கவங்க போட்டத எடுத்துக்குங்க, உங்க கால்ல விழறேன்."

தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்க் கெஞ்சினாள். ஒருவரும் கை நீட்டவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த சிநேகிதி வெர்னெல் அவள் கையைப் பிடித்து, தட்டை அவள் நெஞ்சோடு அழுத்தினாள்.

"பேசாம வெச்சுக்கடி. நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறோம்?"