மறுத்தாலும் மேற்கோள்தான்

என் ஆய்வு வழிகாட்டியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் அவர் வேதியியல் பேராசிரியர். நான் அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். காலையில் வந்ததும் மின்விசிறியைப் போடுவதற்கு முன்பே கணினியைப் போடுவார். தன் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். சைட்டேஷன் எண்ணிக்கை ஒன்று ஏறியிருந்தால் எங்களுக்கு டீ வரும். இல்லாவிட்டால் எங்கள் குறிப்பேடுகள் மேசையில் வந்து விழும்.

ஊரெல்லாம் சிக்குன்குனியா பரவிய வருஷம் அவருக்கு வைரஸ் ஆராய்ச்சியில் ஆசை வந்தது. நான் தயாரித்து வைத்திருந்த சேர்மங்களை வெளியூர் வைரஸ் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று வைரஸை அடக்குகிறது என்று கட்டுரை வெளியானது. அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. நானும் பூரித்துத்தான் போனேன்.

உள்ளூர் நாளிதழில் அவர் படம் வந்தது. என் அம்மா அப்போது காய்ச்சல் விட்டும் மூட்டு வீக்கம் விடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"உங்க சார் மருந்து கண்டுபுடிச்சிட்டாராமே. எனக்கு ஒரு வேளைக்காவது எடுத்தாந்து குடேன்டி. முட்டி வலி தாங்கல."

"அது இன்னும் மனுசங்களுக்குக் குடுக்கற மருந்து இல்லம்மா."

"அப்ப பேப்பர்ல பொய்யா போடுவாங்க?"

மறுநாள் வைரஸ் ஆய்வகத்தின் மூல அறிக்கையைத் தேடி எடுத்தேன். எங்கள் கட்டுரையில் இல்லாத ஓர் அட்டவணை அதில் இருந்தது. வைரஸே படாத நல்ல செல்களும் அதே அளவு சேர்மத்தில் செத்துக் கிடந்தன. வைரஸை என் சேர்மம் அடக்கவில்லை. வைரஸ் வளர்வதற்கு உயிருள்ள செல் எதையும் மிச்சம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அறிக்கையோடு அவர் அறைக்குப் போனேன்.

"சார், இந்த டேபிளை ஏன் சேர்க்கல?"

"ரெவியூ பண்ணவங்க கேக்கலையே."

"இது விஷம் சார். திருத்தம் அனுப்பணும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு இருக்கற சைட்டேஷன் எல்லாம் இந்தப் பேப்பரால வந்தது. நாளைக்கு எவனாவது இது தப்புன்னு எழுதுனாலும் நம்மளச் சொல்லித்தான் எழுதணும். அதுவும் சைட்டேஷன்தாம்மா. போய் வேலையப் பாரு."

கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு நானே எழுதினேன். அடுத்த வாரம் ஆய்வகத்தில் என் அலமாரியில் வேறு பூட்டு தொங்கியது. கூடப் படித்தவர்கள் கேண்டீனில் என்னைக் கண்டால் டம்ளரோடு வேறு மேசைக்கு எழுந்து போனார்கள். இதழோ பல மாதம் கழித்து ஒரு மூலையில் நான்கு வரித் திருத்தம் போட்டது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அவர் கணக்கு தப்பவில்லை. வெளிநாட்டுக் குழு ஒன்று அதே சேர்மத்தைச் சோதித்து, பயனில்லை என்று எழுதியது. அவருடைய சைட்டேஷன் எண்ணிக்கை ஏறியது. கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டலில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. வேதியியலையும் வைரஸ் இயலையும் இணைத்த மேதை என்று வாசலில் பேனர். அதன் கீழே, விழாவுக்கு வந்தவர்களின் செருப்புகள் சிதறிக் கிடந்தன. அந்த வழியாக ஸ்கூட்டரில் போன நான் நிற்கவில்லை.

வேறொரு வழிகாட்டியிடம் மாறி, தாமதமாகப் பட்டம் வாங்கினேன். விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத்தில் ஒருவர் கேட்டார்.

"உங்க பேருல நல்லா சைட் ஆன பேப்பர் ஒண்ணு இருக்கே, பயோடேட்டால ஏன் போடல?"

"அது தப்பான பேப்பர் சார்."

பக்கத்திலிருந்தவரைப் பார்த்து அவர் சிரித்தார். அந்த வேலை கிடைக்கவில்லை.

பிறகு குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். ஒருமுறை, ஒரு குடியிருப்பின் போர்வெல் தண்ணீர் குடிக்க உதவாது என்று எழுதிக் கொடுத்தேன். கட்டடக்காரர் வந்து, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, அவர் கையிலேயே நகலைக் கொடுத்து அனுப்பினேன்.