பிரேக் அக்காவின் வலது கால்

சபைக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவரின் குரல் ஏற ஏற, பிரேக் அக்காவின் வலது கால் தரையை அழுத்துகிறது. அங்கே பெடல் எதுவும் கிடையாது, வெறும் சிமெண்டுத் தரைதான். வாரம் முழுக்க ஓட்டுநர் பயிற்சிக் காரில், கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்துப் பழகிய கால் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா?

காரில் அவர் யாரையும் அதட்டுவதில்லை. எதிரே லாரி வந்து, கற்றுக்கொள்பவர் வெலவெலத்துப் போனாலும், "அவரும் வீட்டுக்குத்தாங்க போறாரு, கொஞ்சம் வழி விடுங்க" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத்தான் பெடலில் வைப்பார். கேட்டால், "தோலுக்குத்தாங்க முதல்ல தெரியுது. மூளைக்கெல்லாம் அப்புறம்தான்" என்று சிரிப்பார்.

அவருடைய சபை கூடுவது சலவைக் கடைக்கு மேலே ஒரு கூடத்தில். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து, கர்த்தர் தனக்கு இன்னது சொன்னார் என்று சொல்லலாம். மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்க வேண்டும். மனம் ஒப்பினால் "ஆமென்." ஒப்பாவிட்டால் முகத்துக்கு நேரே மறுக்கிற வழக்கம் இல்லை. "இன்னும் ஜெபிக்கலாம்" என்பார்கள். அது காதில் விழுந்ததும் எழுந்தவர் மரியாதையாக உட்கார்ந்துவிடுவார்.

சலவைக் கடைக்காரர் ஒருமுறை எழுந்து, பாடல் குழுவைத் தன் மகள்தான் நடத்த வேண்டும் என்று கர்த்தர் காட்டியதாகச் சொன்னார். அக்காவின் கால் அழுந்தியதைப் பின்வரிசை பார்த்துவிட்டது. உடனே நாலைந்து குரல்கள் "இன்னும் ஜெபிக்கலாம்" என்றன. அன்று பிடித்தது சனி. இப்போதெல்லாம் பேசுகிறவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? எல்லார் கண்ணும் அக்காவின் காலில்தான்.

அக்காவோ இத்தனை வருஷத்தில் ஒருநாளும் எழுந்து பேசியதில்லை. "கால் பேசுது சரி, வாய் எப்பக்கா பேசும்?" என்று கேலி செய்தால், "பக்கத்து சீட்டுக்காரி எதுக்குங்க ஸ்டியரிங்கப் பிடிக்கணும்?" என்று நழுவிவிடுவார்.

போன மாதம் எழுந்து நின்றவன் அவருடைய தம்பி. வெல்டர். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தது அக்காதான். "கர்த்தர் என்னை ஊழியத்துக்குக் கூப்பிடுறாரு. கடல் தாண்டிப் போகணும். அடுத்த மாசமே கிளம்பணும்," என்றான். கூடமே அதிரும்படி "ஆமென்" எழுந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் நிறைமாதமாக உட்கார்ந்திருந்த அவன் மனைவி, தலையைக் குனிந்து கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

அக்காவின் கால் தரையோடு தரையாக அழுந்தியது. பின்வரிசை வாயைத் திறக்கத் தயாராயிற்று. அப்போதுதான் அக்கா தன் காலைத் தானே பார்த்து வெலவெலத்துப் போனார். இதை மிதிப்பது கர்த்தரா, தம்பியை விட மனசில்லாத நானா? அழைப்பு உண்மையாக இருந்தால், தன் கால் அதைத் தடுத்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால், பிரசவ வலியில் இந்தப் பெண் கதவைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அக்கா காலை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவனுக்குச் சொன்னது கர்த்தர்தானான்னு எனக்குத் தெரியல," என்றார். "அவன் போறது எனக்குப் பிடிக்கல. அதனால தயவுசெஞ்சு யாரும் என் காலைப் பார்க்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா குனிந்து தம்பி மனைவியிடம், "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டார்.

அவள் நிமிரவே இல்லை. "வேண்டாம்னு சொல்ல மாட்டேன் அண்ணி. ஆனா இந்த விஷயமே எனக்கு இப்பத்தான் தெரியும்."

ஆமென் சொன்னவர்கள் எல்லாம் தம்பி பக்கம் திரும்பினார்கள். தம்பியின் முகம் சிவந்தது. "கர்த்தர் சொன்னதுக்கு அப்புறம் நான் யாரைக்கா கேக்கணும்?"

"அவளும் தினம் முழங்கால் போட்டு ஜெபிக்கிறாளே தம்பி. அவகிட்ட அவர் பேசவே மாட்டாரா?"

போதகர் ஜெபிக்க எழுந்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். அக்கா தன் நாற்காலியை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராகத் திரும்பி வந்து, அவள் பக்கத்தில் காலியாகக் கிடந்த தன் இருக்கையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, தம்பியைப் பார்த்து அதைத் தட்டிக் காட்டினார்.