ஹெலன் வேலை கேட்டு எழுதிய கடிதம்

ஐம்பதை நெருங்கும் வயதில் ஹெலன் மறுபடி வேலை தேடினாள். காக்ஸ் டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் பல வருஷம் இருந்தவள் அவள். கணவர் பால்ராஜுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போனபோது அந்த வேலையை விட்டாள். கைக்குப் பாதி பலம் திரும்பிவிட்டது. பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாக, தேடித் தேடி வந்தது. இப்போது அவர் தானே சட்டை மாட்டிக்கொள்வார், சர்ச் வரை தனியாக நடந்து போய் வருவார். "நீ... வேலைக்கு... போ," என்று அவரேதான் ஆரம்பித்தார்.

தொம்மலூரில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் வரவேற்புக்கு ஆள் தேவைப்பட்டது. பயோடேட்டாவோடு கவர் லெட்டரும் கேட்டிருந்தார்கள். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதம் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றி, மாடி வீட்டு லவினாவிடம் காட்டினாள். லவினா வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுப்பவள்.

"ஆன்ட்டி, இதே லெட்டர் எனக்கு டெய்லி வருது. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"என்னப் பத்தி என்னம்மா எழுதறது? இத்தன வருஷம் வீட்லயே இருந்துட்டேன். அதத்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"விட்டா அங்கதான் மொதல்ல கண்ணு போகும். ஏன் வேலைய விட்டு நின்னீங்கன்னு ரெண்டு வரி சொல்லிடுங்க. அவங்களுக்கு என்ன வேணும், உங்ககிட்ட என்ன இருக்கு, அவ்ளோதான். ஒரு பக்கம் போதும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஹெலன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் பயந்து வரும் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்ததை எழுதினாள். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நான்கும் பேசுவாள் என்பதை எழுதினாள். பிறகு, "என் கணவர் பேச இயலாதவர். அவருக்காக நான்தான் பேசுகிறேன்," என்று இங்கிலீஷில் எழுதி அவரிடம் நீட்டினாள்.

பால்ராஜ் வரிகளின் மேல் விரலை நகர்த்தி நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இல்ல," என்றார். "நான்... பேசுவேன்."

ஹெலனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கடையில், போனில், டாக்டரிடம் அவர் வாயைத் திறக்கும் முன்பே தான் பதில் சொல்லி முடித்துவிடுவது அப்போதுதான் உறைத்தது.

"அப்ப என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்லைத் தேடினார். உதவிக்கு ஒரு சொல் அவள் நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நீ... காத்திருப்ப. நான்... முடிக்கிற வரைக்கும்."

"எப்பவுமா காத்திருக்கேன்?"

பால்ராஜ் கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிக் காட்டினார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹெலன் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: "என் கணவர் மெதுவாகப் பேசுவார். அவர் முடிக்கும்வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன்."

லவினா இலக்கணப் பிழைகளைத் திருத்தினாள். அந்த வரியைத் தொடவில்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மையத்தை நடத்தும் நிருபமா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கன்னடத்தில் கேட்டார்: "கற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கலாமே?"

"இன்னும் அவசரப்படுகிறேன் மேடம்," என்று ஹெலனும் கன்னடத்திலேயே சொன்னாள். "கேட்டால் அவரே சொல்வார்."

நிருபமா சிரித்தார். "இங்கே வருகிற குடும்பங்களுக்கெல்லாம் அந்தக் கஷ்டம்தான். திங்கட்கிழமை வந்துவிடுகிறீர்களா?"

திங்கட்கிழமை காலை பால்ராஜ் மதியச் சாப்பாட்டை இடக்கையாலேயே டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். மூடி சரியாக விழவில்லை போலிருக்கிறது. தொம்மலூர் போய்ச் சேர்வதற்குள் பையெல்லாம் சாம்பார். ஹெலன் அதைக் கழுவித் துடைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போனதும் சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னாள்.