அக்கா விற்ற எலுமிச்சை எண்ணெய்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. "நல்லதா நாலு வரி எழுதுடா" என்றார் மாமா. அக்காவைப் பற்றி நல்லது எழுதப் பஞ்சமில்லை. உண்மையை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

அக்கா திருவொற்றியூரில் பிறந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா போனதும், பள்ளியை விட்டுவிட்டுத் தம்பிகள் எங்களைக் கரையேற்றினார். ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்றே வருடத்தில் கணவரையும் பறிகொடுத்தார். அதன்பின் தேங்காய் எண்ணெயில் கஸ்தூரி மஞ்சளும் வெட்டிவேரும் போட்டுக் காய்ச்சி, உடம்புக்குப் பூசும் எண்ணெய் விற்றார். காசிமேட்டு மீன்காரப் பெண்கள்தான் வாங்கினார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த சமயம், கையில் மீன் வாடை போக ஏதாவது கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். அக்கா எலுமிச்சைத் தோலில் எடுத்த எண்ணெயைத் தாராளமாகக் கலந்து கொடுத்தார். "பழத்தோலுதான, இன்னா பண்ணிடும்?" என்பார்.

நாலாம் நாள், அவர்களில் ஒருவரான ராணியம்மா கையை நீட்டிக்கொண்டு வந்தார். மணிக்கட்டு வரை கொப்புளம். "தீயில வெச்சாப்பல எரியுதுக்கா. வெயில்ல குந்தவே முடில."

அரசு மருத்துவமனைக்கு அக்காவே அழைத்துப் போனார். இந்த எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் வெந்துபோகும் என்றார் டாக்டரம்மா. "செடியிலேர்ந்து வந்தா எல்லாம் நல்லதா? அரளியும் செடிதானேம்மா" என்று கடிந்துகொண்டார்.

அக்கா மிச்சத்தைக் கொட்டினார். வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "தப்பு என் எண்ணெலதாம்மா. பூசாதீங்க" என்று சொல்லி ஏச்சு வாங்கினார். ராணியம்மாவுக்குக் குணமாகும் வரை அவர் கூடையைச் சுமந்து மீன் விற்றார். கொப்புளம் ஆறியது, கருப்பு போகவில்லை. ராணியம்மா மன்னித்துவிட்டார். அக்கா தன்னை மன்னிக்கவே இல்லை. அதன்பின் எண்ணெய் காய்ச்சாமல் தையல் வேலைக்குப் போனார். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்த கடைசி நாட்களிலும், "ராணி கை எப்டி கீது?" என்றுதான் கேட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த ராணியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ராணியம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த எலுமிச்சை எண்ணெயைக் கொண்டுவந்தவன் நான். தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்த்த ஊதுபத்திக் கிடங்கிலிருந்து கேட்காமல் எடுத்தது. "இத கைல பூசிகினு வெயிலுக்குப் போவாத" என்று மேஸ்திரி முதல் நாளே எச்சரித்திருந்தார். நான் அலட்சியமாக இருந்துவிட்டேன், அக்காவிடம் சொல்லவில்லை. உங்கள் கை வெந்த பிறகு அழுதுகொண்டே சொன்னேன். "வாயத் தொறக்காத, உன் வேல பூடும்" என்றார் அக்கா.

நானும் திறக்கவில்லை.