ஒரு நூல் சாய்வு

தரையோடு கன்னத்தை ஒட்டிப் படுத்து அவர் ஒற்றைக் கண்ணால் பார்த்தால், வானமே அசைந்து நேராக உட்கார்ந்துகொள்ளும். சரி, கொஞ்சம் கூடுதல்தான்; வானம் அசையாது, ராடார் லாரிதான் அசையும்.

விமானப்படையின் ராடார் அது. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் பறப்பதைக்கூடப் பார்த்துவிடும். யார் வருகிறார், யார் போகிறார் என்று ஒன்று விடாமல் கவனிப்பதால் அவர் அதைப் ‘பெரியம்மா’ என்பார். லாரியிலேயே இடம் மாறும் பெரியம்மா, போகிற இடமெல்லாம் நாலு இரும்புக் கால்களை ஊன்றி இம்மி பிசகாமல் மட்டமாக நிற்க வேண்டும். இங்கே ஒரு நூல் சாய்ந்தால் அங்கே பறக்கிற விமானத்தின் உயரம் பொய்யாகிவிடும். இப்போதெல்லாம் பெரியம்மா தானே மட்டம் பார்த்துக்கொள்கிறாள். இருந்தும் அவருக்கு மனசு கேட்காது. சட்டைப்பையிலிருந்து விரல் நீள ரசமட்டத்தை எடுத்து வைப்பார். குமிழி நடுவில் வந்து நின்றால்தான் டீ. முகாமில் அவருக்குப் பெயரே ‘ரசமட்டம்’.

வியாதி வீட்டுக்கும் தொற்றியது. கட்டில், அடுப்பு, மாமியார் படம், எதுவும் தப்பவில்லை. “தூங்கறப்ப என் நெத்தியிலயும் ஒரு தடவை வச்சுப் பாத்துட்டாரு” என்பாள் மனைவி.

மகளின் புதுக் குடித்தனத்துக்கு இருவரும் முதல்முறை சாப்பிடப் போன அன்று, வாசலிலேயே மனைவி கையை நீட்டினாள்.

“எடுங்க அதை. உள்ள இருக்கற சுவர் அலமாரி மாப்பிள்ளை தன் கையால செஞ்சு மாட்டினது. அவங்க அண்ணன் வந்து ஏதோ நக்கலடிச்சு, பாவம், மனுஷன் முகமே செத்துப்போச்சாம். நீங்களும் வாயத் திறந்தீங்க, உங்க பொண்ணு உங்களோட பேச மாட்டா.”

கருவி கைமாறியது. வாக்கும் கொடுத்தார்.

சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே அந்த அலமாரி. வளைவில் திரும்பும் பஸ்ஸில் நிற்பவர்களைப்போல அத்தனை புத்தகங்களும் இடப்பக்கம் சரிந்திருந்தன. மாப்பிள்ளை பரிமாறிக்கொண்டே மாமனாரின் முகத்தைப் பார்த்தார். மகள் தட்டைவிட்டு நிமிரவில்லை.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். பார்த்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி பார்த்தார். கழுத்தை இடப்பக்கம் சாய்த்தும் போதவில்லை. பையில் எப்போதும் கிடக்கும் அட்டைத்துண்டை மடித்தார். குனிந்து, தன் நாற்காலியின் வலக்காலுக்கு அடியில் செருகினார். நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு மடிப்பு தேவைப்பட்டது.

“அலமாரி அம்சமா நிக்குது, மாப்பிள்ளை” என்றார்.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. மகள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பக்கத்தில் இருந்த மனைவி மேசைக்குக் கீழே கையை விட்டு, ரசமட்டத்தை அவருடைய நாற்காலி விளிம்பில் வைத்துப் பார்த்தாள்.

“நீங்கதான் ரெண்டு நூல் சாஞ்சிருக்கீங்க” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.